கனரக ஸ்பிரிங்குக்கு என்ன கம்பி? அலாய் ஸ்டீல் பற்றி ஓர் எளிய விளக்கம்

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள எந்தக் கிரஷருக்குப் போனாலும் ஜல்லியைத் தரம் பிரிக்கிற அதிர்வுச் சல்லடையைப் பார்க்கலாம். டன் கணக்கில் எடையுள்ள இரும்புப் பெட்டி. அதன் நான்கு மூலைகளிலும் கட்டைவிரல் பருமனுள்ள கம்பியில் சுற்றிய ஸ்பிரிங்குகள் தாங்கி நிற்கும். நிமிடத்துக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் முறை பெட்டி ஆடும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஸ்பிரிங் அமுங்கி எழ வேண்டும். கல்தூசி, வெயில், மழை எல்லாம் அதன் தலையில்தான்.

அது போய்விட்டால் கடைக்கு வந்து கேட்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "இதைவிட நல்ல கெட்டிக் கம்பியில போட்டுக் குடுங்கண்ணா." கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஸ்பிரிங் ‘போய்விட்டது’ என்பதில் மூன்று விதம் இருக்கிறது. லோடு ஏற்றினால் அளவுக்கு மேல் அமுங்குவது ஒன்று. நாளாக நாளாக உயரம் குறைந்து உட்கார்ந்துவிடுவது இன்னொன்று. நடுவில் படக்கென்று ஒடிந்துவிடுவது மூன்றாவது. அலாய் ஸ்டீல் கம்பி, அதாவது குரோமியம், சிலிக்கான் போன்றவை கலந்த ஸ்டீல் கம்பி, பின்னால் சொன்ன இரண்டுக்கும்தான் மருந்து. முதல் பிரச்சினைக்கு, எவ்வளவு விலை உயர்ந்த அலாய் போட்டாலும் ஒன்றும் மாறாது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

அமுங்கும்போது கம்பிக்கு என்ன ஆகிறது?

பால்பாயின்ட் பேனாவுக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங்கை எடுத்து அமுக்கிப் பாருங்கள். கம்பி நசுங்குவதில்லை, நீளம் குறைவதுமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கம்பி தன் அச்சிலேயே கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. சுருள் ஸ்பிரிங் என்பது உண்மையில் சுருட்டி வைத்த ஒரு நீளமான முறுக்குக் கம்பி. கையை எடுத்ததும் அந்த முறுக்கு அவிழ்கிறது, ஸ்பிரிங் எழுகிறது.

ஒரு மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை நான்கு: கம்பியின் விட்டம், சுருளின் விட்டம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை, அப்புறம் உலோகத்தின் முறுக்கு விறைப்பு. இதில் கம்பி விட்டத்துக்குத்தான் அதிகப் பலம், ஏனென்றால் அது நான்காம் அடுக்கில் வருகிறது. கம்பியை 10 சதவீதம் பருமனாக்கினால் ஸ்பிரிங் 46 சதவீதம் விறைப்பாகும். சுருளின் விட்டம் மூன்றாம் அடுக்கில் எதிர்த் திசையில் வேலை செய்யும். சுருள் அகலமானால் ஸ்பிரிங் தளரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 மி.மீ. கம்பி, சுருளின் சராசரி விட்டம் 96 மி.மீ., வேலை செய்யும் சுற்றுகள் 6. இந்த ஸ்பிரிங்கை ஒரு மி.மீ. அமுக்க ஏறத்தாழ 12 கிலோ எடை வேண்டும். 25 மி.மீ. அமுக்க 300 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மற்ற அளவுகளை மாற்றாமல் கம்பியை மட்டும் 18 மி.மீ. ஆக்கினால் விறைப்பு 60 சதவீதம் ஏறிவிடும்.

சரி, நான்காவதாகச் சொன்ன உலோகத்தின் முறுக்கு விறைப்பு? எந்த ஸ்பிரிங் ஸ்டீலை எடுத்தாலும் அது சதுர மில்லிமீட்டருக்கு 79,000 நியூட்டன் அளவில்தான் நிற்கும். சாதாரணக் கார்பன் ஸ்டீலுக்கும் குரோம் சிலிக்கான் என்ற அலாய் ஸ்டீலுக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு சதவீதம்கூடத் தேறாது. கடைத்தெருவில் விற்கும் கட்டுக்கம்பியின் இரும்புக்கும் ஏறக்குறைய அதே எண்தான். அதே அளவில் கட்டுக்கம்பியிலும் குரோம் சிலிக்கானிலும் ஆளுக்கொரு ஸ்பிரிங் சுற்றி லேசாக அமுக்கினால், இரண்டும் ஒரே மாதிரிதான் திருப்பித் தள்ளும்.

லேசாக அமுக்கும் வரைதான். கொஞ்சம் கூட்டினால் கட்டுக்கம்பி ஸ்பிரிங் அப்படியே படுத்துவிடும், எழாது. வீடு கட்டப் போடும் டிஎம்டி கம்பியில் எஃப்.ஈ. 500 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் வரை இழுத்தாலும் அது நிரந்தரமாக நீளாது என்று அர்த்தம். 10 மி.மீ. குரோம் சிலிக்கான் ஸ்பிரிங் கம்பியின் இழுவிசை வலிமை 1,600-க்கும் மேலே இருக்கும், 2 மி.மீ. கம்பியில் 2,000-ஐத் தொடும். அலாய்க்குக் கொடுக்கும் காசு இந்த எல்லைக்குத்தான்: எந்த அளவு வரை முறுக்கினாலும் அது பழைய இடத்துக்கே திரும்பும் என்பதற்கு.

ஆக, சல்லடை அளவுக்கு மேல் அமுங்குகிறது என்றால் மாற்ற வேண்டியது ஸ்பிரிங்கின் அளவுகளை. அதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். விறைப்பைக் கண்மூடித்தனமாகக் கூட்டினால், ஸ்பிரிங் உறிஞ்சித் தடுக்க வேண்டிய அதிர்வு நேராகக் கீழே இருக்கும் சட்டத்துக்கும் கான்கிரீட்டுக்கும் இறங்கும். ஸ்பிரிங் நன்றாக இருக்கும், சட்டத்தின் வெல்டிங் விட்டுவிடும்.

பருமனான கம்பிக்கு ஏன் அலாய்?

மெல்லிய கம்பிக்கு அலாய் பெரும்பாலும் தேவையே இல்லை. மியூசிக் வயர் என்று சொல்கிற கம்பி வெறும் கார்பன் ஸ்டீல்தான், கார்பன் 0.7 முதல் 1 சதவீதம். அதைச் சிறிய துளைகள் வழியாகத் திரும்பத் திரும்ப இழுத்து மெலிய வைக்கும்போது, அந்த இழுப்பே அதற்குப் பலம் ஏற்றிவிடுகிறது. மெல்லியதாக இழுக்க இழுக்கப் பலம் கூடும். பளபளவென்று இருக்கும், விலையும் கட்டுப்படியாகும். சுமார் 6 மி.மீ. வரை அதற்குத்தான் ராஜ்யம்.

அதற்கு மேல் பருமனாகப் போகும்போது அந்த அளவுக்கு இழுத்துப் பலமேற்ற முடியாது. அப்போது வேறு வழி: கம்பியை 850, 900 டிகிரி செல்சியஸுக்குச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் சட்டென்று குளிரவைக்க வேண்டும். அதில் ஸ்டீல் கண்ணாடி மாதிரி உடையும் அளவுக்குக் கடினமாகிவிடும். பிறகு 400 டிகிரிக்கு மேல் மறுபடி சூடாக்கி அந்த முறுமுறுப்பைக் குறைக்க வேண்டும். அதுதான் டெம்பரிங்.

சிக்கல் வருவது குளிரவைக்கும் இடத்தில். கேழ்வரகுக் களி உருண்டையைத் தட்டில் வைத்ததும் மேல்புறம் சீக்கிரம் ஆறிவிடும். ஆறியது என்று நம்பி நடுவில் கிள்ளி வாயில் போட்டால் நாக்கு வெந்துபோகும். பருமனான கம்பியும் அப்படித்தான். ஓரம் நொடியில் குளிர்ந்து கடினமாகிவிடும், நடுப்பகுதி நிதானமாகக் குளிர்ந்து மெத்தென்றே நின்றுவிடும். பத்துப் பன்னிரண்டு மி.மீ.யைத் தாண்டும்போது சாதாரணக் கார்பன் ஸ்டீல் இங்கேதான் திணற ஆரம்பிக்கும். எண்ணெய்க்குப் பதில் தண்ணீரில் போட்டு இன்னும் வேகமாகக் குளிரவைத்தால் விரிசல் விடும்.

குரோமியம் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. அதைக் கலந்தால், நிதானமாகக் குளிர்ந்தாலும் ஸ்டீல் கடினமாகும். அதாவது நடுப்பகுதி ஆறத் தாமதமானாலும் பரவாயில்லை, கம்பி மையம் வரை ஒரே சீராக இறுகும். மாங்கனீசும் இதே வேலையில் துணை நிற்கும். முறுக்குவதால் வரும் அழுத்தம் கம்பியின் மேற்பரப்பில்தானே அதிகம், நடு மெத்தென்று இருந்தால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்விதான். மையத்தில் அழுத்தம் பூஜ்யம், அங்கிருந்து ஓரம் வரை சீராக ஏறும். பாதி ஆழத்திலேயே மேற்பரப்பின் பாதி அழுத்தம் இருக்கும். அந்த அளவைத் தாங்காத மெத்தென்ற நடு மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும், ஸ்பிரிங் உட்கார ஆரம்பிக்கும்.

சிலிக்கானின் வேலை வேறு. டெம்பரிங் சூட்டில் ஸ்டீல் வேகமாக இளகிவிடாமல் அது பிடித்து வைக்கும். அதனால் முறுமுறுப்பு போகும் அளவுக்குச் சூடாக்கியும் பலம் மிச்சமிருக்கும். ஸ்பிரிங் நாளடைவில் உட்காராமல் தடுப்பதில் சிலிக்கானுக்குத்தான் முதல் பெயர். அதற்கு ஒரு கெட்ட குணமும் உண்டு: உலையில் காய்ச்சும்போது மேற்பரப்பில் இருக்கும் கார்பன் எரிந்து போவதற்கு இது வழிவிடும். கார்பன் போன மேல்தோல் மெத்தென்று ஆகிவிடும், அழுத்தம் அதிகம் விழுவதும் அதே மேல்தோலில்தான். நல்ல மில்லின் கம்பிக்கும் சுமாரான மில்லின் கம்பிக்கும் வேதியியல் சான்றிதழில் வித்தியாசமே தெரியாமல் போகலாம், இந்தத் தோலில் தெரிந்துவிடும்.

வெனேடியம் சேர்ப்பது சொற்ப அளவு, 0.15 சதவீதம்தான். ஸ்டீலின் உள்மணிகளைப் பொடியாக வைத்திருக்கும். மணி பொடியாக இருந்தால் அதிர்ச்சி தாங்கும்.

பழக்கத்தில் அதிகம் காதில் விழும் பெயர்கள் இரண்டு. ஒன்று குரோம் வெனேடியம்: கார்பன் 0.5 சதவீதம் அளவில், குரோமியம் 0.8 முதல் 1.1 வரை. எஸ்.ஏ.இ. 6150, ஈ.என். 47, 50 சி.ஆர்.வி. 4 என்று ஊருக்கொரு பெயரில் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். இன்னொன்று குரோம் சிலிக்கான், அதாவது எஸ்.ஏ.இ. 9254: கார்பன் 0.51 முதல் 0.59, சிலிக்கான் 1.2 முதல் 1.6, குரோமியம் 0.6 முதல் 0.8. நம் நாட்டுத் தரநிலையில் ஸ்பிரிங் ஸ்டீல் கம்பிக்கு ஐ.எஸ். 4454, எண்ணெயில் கடினமாக்கி டெம்பர் செய்த கம்பி அதன் இரண்டாம் பகுதியில் வரும். இந்த மாதிரி அலாய் ஸ்டீலுக்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. தர்மபுரியை ஒட்டிய சேலம் மாவட்டத்தில், மேச்சேரிக்கு அருகே பொட்டனேரியில் இருக்கும் ஜே.எஸ்.டபிள்யூ. ஆலை அலாய் ஸ்டீல் ராடுகளை உற்பத்தி செய்கிறது.

சூட்டிலும் அலாய்க்கு ஆதாயம் உண்டு. மியூசிக் வயரை 120 டிகிரிக்கு மேல் நம்ப முடியாது. குரோம் வெனேடியம் 220 வரையும், குரோம் சிலிக்கான் 250-ஐ ஒட்டியும் போகும். இன்ஜின் வால்வு ஸ்பிரிங்குக்குக் குரோம் சிலிக்கானைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓசூரில் இருந்து 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 டூ ஸ்ட்ரோக் வண்டி, அதில் வால்வே கிடையாது, எனவே அந்தத் தலைவலியும் இல்லை. அதன் வழியில் இன்று ஊரெல்லாம் மூட்டை சுமக்கும் எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக். அதன் இன்ஜின் 6,000 சுற்றில் ஓடினால் வால்வு ஸ்பிரிங் நொடிக்கு 50 முறை அமுங்கி எழும். மணிக்கு 1,80,000 முறை. ஒரு கோடி முறையை எட்ட 56 மணி நேரம் போதும்.

கம்பியில் இருந்து ஸ்பிரிங்

எண்ணெயில் டெம்பர் செய்த கம்பி கருநீல மினுமினுப்போடு, பெரிய வளையங்களாகக் கட்டி வரும். புதிதாக வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டிய ஒன்று: அந்தக் கட்டை வெட்டும்போது கம்பியின் நுனி இருக்கும் பக்கம் நிற்கக் கூடாது. வளைத்து வைத்த கம்பி நேராகத்தான் பார்க்கும். கட்டு விட்டதும் நுனி சாட்டை மாதிரி வீசும், முகத்தில் பட்டால் கண் போய்விடும்.

சுமார் 12 முதல் 16 மி.மீ. வரை இயந்திரத்தில் குளிர்ந்த நிலையிலேயே சுற்றிவிடலாம். அதற்கு மேல் என்றால் கம்பியை, சரியாகச் சொன்னால் ராடை, சிவக்கக் காய்ச்சிச் சுற்றி, அப்புறம் எண்ணெயில் போட்டு, டெம்பர் செய்வார்கள். குளிர்ந்த நிலையில் சுற்றிய ஸ்பிரிங்குக்கும் ஒரு சூடு தேவைப்படும். சுற்றும்போது கம்பிக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தைத் தளர்த்த, குரோம் சிலிக்கானை 400 டிகிரி அளவில் அரை மணி, முக்கால் மணி நேரம் வைப்பார்கள். இதைத் தவிர்த்தால் ஸ்பிரிங் வெளியே பார்க்கப் புதுசாகத்தான் இருக்கும், ஆயுள் பாதியாகிவிடும்.

முனைகளைத் தட்டையாகச் சாணை பிடித்த பிறகு வருகிற ஷாட் பீனிங்தான் என் பார்வையில் கனரக ஸ்பிரிங்குக்கு உயிர். பொடி இரும்புக் குண்டுகளை மழை மாதிரி ஸ்பிரிங் மேல் வீசி அடிப்பார்கள். ஒவ்வொரு குண்டும் மேல்தோலில் ஒரு நுண்ணிய குழியைப் பதித்து, அந்த இடத்தை உள்நோக்கி இறுக்கும். விரிசல் தொடங்க வேண்டுமானால் தோல் விரிய வேண்டும். ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தோல் அவ்வளவு எளிதில் விரியாது. சுருளின் உள்பக்கத்தில்தான் அழுத்தம் உச்சம், அதனால் குண்டு அங்கேயும் போய் விழுந்திருக்க வேண்டும். வாங்கும்போது சுருளுக்குள் ஒரு டார்ச்சை அடித்துப் பார்த்தால் போதும். வெளியே மங்கலாகச் சொரசொரப்பாகவும் உள்ளே வழவழப்பாகவும் இருந்தால், கணக்குக்குப் பீனிங் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பெயின்ட் பூசிவிட்டால் இதைப் பார்க்க முடியாது, எனவே பெயின்டுக்கு முன்பே பார்த்துவிடுவது உத்தமம்.

கடைசியில் ஸ்பிரிங்கை முழுவதும் ஒட்டும் வரை சில முறை அமுக்கி எடுப்பார்கள். உட்கார வேண்டியதை இங்கேயே உட்காரவைத்து அனுப்பும் வேலை இது. அப்புறம் களத்தில் உயரம் அதிகம் குறையாது.

எது அதை ஒடிக்கிறது?

ஒடிந்த ஸ்பிரிங்கின் முகத்தைத் தூக்கிப் போடுவதற்கு முன் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சாய்வாக உடைந்திருக்கும். ஓரத்தில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி வழவழப்பான பிறை வடிவப் பகுதி, மிச்சம் கரடுமுரடு. அந்தப் புள்ளியில் தொடங்கிய விரிசல் பல நாள் மெதுவாக நகர்ந்த தடம்தான் அந்த வழவழப்பு. மிச்சம் கடைசி நொடியில் பிய்ந்தது. புள்ளியில் என்ன இருந்தது என்பதுதான் துப்பு: துருப்பிடித்த குழி, இடுக்கி போட்ட காயம், கம்பி இழுக்கும்போதே விழுந்த கீறல்.

கிரஷர்களில் இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதே இல்லை. சல்லடையில் எங்கேயோ வெல்டிங் வைக்கும்போது எர்த் கிளாம்பை (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியின் பிடியை) வாகாக இருக்கிறதே என்று ஸ்பிரிங் மேல் மாட்டிவிடுவார்கள். கிளாம்ப் பட்ட இடத்தில் ஒரு சின்னப் பொறி. அந்தப் பொறியளவு இடம் மட்டும் உருகும் சூட்டுக்குப் போய், சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பால் சட்டென்று குளிர்ந்து, டெம்பர் இல்லாத கண்ணாடியாகிவிடும். சில வாரம் கழித்து ஸ்பிரிங் அங்கேயே ஒடியும். பழியோ கம்பிக்காரர் மேல் விழும். ஒடிந்த ஸ்பிரிங்கை வெல்டிங் வைத்து ஒட்டுவதும் அதே கதைதான்.

துருவுக்குப் பயந்து ஜிங்க் பிளேட்டிங் போடச் சொல்கிறவர்களும் கவனிக்க வேண்டும். பிளேட்டிங் தொட்டியில் ஹைட்ரஜன் ஸ்டீலுக்குள் நுழைந்துகொள்ளும். இவ்வளவு பலமான ஸ்டீல் அதனால் லோடு ஏற்றிய சில மணியிலேயே சத்தமில்லாமல் விரிசல் விடலாம். பிளேட்டிங் முடிந்த கையோடு 200 டிகிரி அளவில் பல மணி நேரம் சுட்டு ஹைட்ரஜனை வெளியேற்றும் வசதி இல்லாத இடத்தில் அந்த வேலையைக் கொடுக்கவே வேண்டாம். கிரஷருக்கு நல்ல பெயின்டோ பவுடர் கோட்டிங்கோ போதும்.

லாரிப் பட்டையை, அதாவது லாரியின் அடியில் இருக்கும் பட்டை ஸ்பிரிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் ஸ்பிரிங் ஸ்டீலை எல்லோரும் முதலில் பார்ப்பது அரிவாளில்தான். சந்தையில் ‘லாரிப் பட்டையில் அடித்தது’ என்றால் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுப்பார்கள். அது நியாயம்தான். பட்டை முறுக்காமல் வளைந்து வேலை செய்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. மற்றபடி அதுவும் குரோமியமோ சிலிக்கானோ சேர்ந்த இதே குடும்பத்து ஸ்டீல். கொல்லர் காய்ச்சித் தோய்த்துப் பதம் பார்ப்பதும் மேலே சொன்ன அதே வேலைதான், கண்ணளவில் செய்கிறார்.

லாரியில் சுருள் ஸ்பிரிங்கும் ஒன்று மறைந்திருக்கிறது. தொப்பூர் கணவாயில் சரிவில் நிறுத்திய லாரி நகராமல் நிற்பது அதனால்தான். பின் சக்கரத்து பிரேக் சேம்பர் என்ற டப்பாவுக்குள் பெரிய ஸ்பிரிங் ஒன்றைக் காற்றழுத்தம் அமுக்கி வைத்திருக்கும். ஹேண்ட் பிரேக் போட்டாலோ காற்று தீர்ந்தாலோ ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பிடித்துவிடும். பல நூறு கிலோ விசையோடு அடைபட்டிருக்கும் ஸ்பிரிங் அது. அந்த டப்பாவின் வளையத்தைச் சாதாரண ஸ்பேனரால் கழற்றி ஆள் செத்திருக்கிறார்கள். அதில் கை வைக்காதீர்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது

பழைய ஸ்பிரிங்கைத் தூக்கிக்கொண்டு போய் இதே மாதிரி வேண்டும் என்றால், உட்கார்ந்துபோன உயரத்தையே அளந்து செய்து கொடுத்துவிடுவார்கள். இயந்திரத்தோடு வந்த படத்தில் இருக்கும் உயரத்தைச் சொல்லுங்கள். படம் இல்லையென்றால் என்ன எடையில் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள், மிச்சத்தைக் கணக்குப் போட முடியும். கம்பியின் விட்டத்தை டேப்பில் அளக்காமல் வெர்னியரில் அளக்க வேண்டும், பெயின்டைச் சுரண்டிவிட்டு. நான்காம் அடுக்கு என்பதால் அரை மி.மீ. தவறினாலும் விறைப்பு எங்கேயோ போய்விடும். மொத்தச் சுற்று எத்தனை, அதில் முனையில் படுத்திருப்பது போக வேலை செய்வது எத்தனை, சுழற்சி வலமா இடமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சல்லடைக்கு ஒரு மூலை ஸ்பிரிங் மட்டும் ஒடிந்தாலும் நான்கு மூலைக்கும் சேர்த்து மாற்றுவதுதான் சரி. பழையது மூன்றும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும், பெட்டி கோணலாக ஆடும்.

ஓசூர் சிப்காட் பக்கம் பிரஸ் டூல் (தகட்டை வெட்டி வளைக்கும் அச்சு) வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாது. அந்த அச்சுகளில் போடும் டை ஸ்பிரிங்குகள் தயாராகவே கிடைக்கின்றன, பெரும்பாலும் குரோம் சிலிக்கானோ குரோம் வெனேடியமோதான், கம்பி வட்டமாக இல்லாமல் சப்பையாக இருக்கும். ஐ.எஸ்.ஓ. 10243 தரத்தில் பச்சை லேசான லோடுக்கு, நீலம் நடுத்தரம், சிவப்பு கனம், மஞ்சள் அதைவிடக் கனம். ஆனால் எல்லாக் கம்பெனியும் இந்த நிறங்களையே பின்பற்றுவதில்லை. பழைய டூலில் இருந்து கழற்றிய நீல ஸ்பிரிங்குக்குப் பதில் வேறு கம்பெனி நீலத்தை மாட்டுவதற்கு முன் இரண்டின் கேட்டலாகையும் பக்கத்தில் வைத்து லோடைப் பார்த்துவிடுங்கள்.